முதலில் மாப்பிள்ளையைப் பாருங்கள்: ஆண் பக்கக் குழந்தையின்மை, காரணங்கள், பரிசோதனைகள் – முழு வழிகாட்டி

ஒருநாள் காலை களக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் எங்கள் லேபுக்கு வந்தார். கையில் ஒயர் கூடை. கூடைக்குள் தூக்குச்சட்டி, சட்டி நிறைய ஐஸ்கட்டி, அதற்கு நடுவில் விந்து மாதிரி எடுத்த சின்ன பிளாஸ்டிக் டப்பா. "ஐஸ்ல வச்சுத்தான் கொண்டாந்தேன் அண்ணாச்சி, கெட்டுப் போயிரக் கூடாதுல்லா?" என்றார். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட ஓடவில்லை. ஐஸில் விறைத்த விந்தணு எப்படி ஓடும்?

கூட வந்த மனைவியின் மடியில் ஒரு ஃபைல் இருந்தது. கல்யாணம் ஆகி நான்கு வருடம். ஸ்கேன், ஹார்மோன் டெஸ்ட், கருக்குழாய்க்குச் சாயம் செலுத்தி எடுத்த எக்ஸ்ரே, போதாததற்கு ஒரு லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்ப்பது). எல்லாம் அந்தப் பெண்ணுக்கு. கணவருக்கு அன்றுதான் முதல் டெஸ்ட், அதுவும் ஐஸில்.

பாளையங்கோட்டையில் லேப் டெக்னீஷியனாக இருபது வருடம் ஓட்டியவன் நான். டாக்டர் இல்லை, மருந்து சொல்ல மாட்டேன். எந்த டெஸ்ட்டை எந்த வரிசையில் எடுக்க வேண்டும், ரிசல்ட் சீட்டை எப்படிப் படிக்க வேண்டும் என்பதைச் சொல்ல முடியும். குழந்தை தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் பக்கத்திலும் ஏதோ ஒரு குறை இருக்கிறது. அதில் ஆண் பக்கம் மட்டுமே காரணமாக இருப்பதும் உண்டு, இருவர் பக்கமும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. விந்துப் பரிசோதனை சில நூறு ரூபாயில், ஊசி கத்தி இல்லாமல் ஒரே காலையில் முடிகிற காரியம். அதைக் கடைசியில் வைத்துக்கொண்டு பெண்ணின் வயிற்றில் முதலில் துளை போடுவது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

முதல் படி: மாதத்தைச் சரியாக எண்ணுங்கள்

கருத்தடை எதுவும் இல்லாமல், சீராகச் சேர்ந்து வாழ்ந்து 12 மாதம் ஆகியும் கரு நிற்கவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். மனைவிக்கு 35 வயது தாண்டிவிட்டால் 6 மாதம் போதும். ஆணுக்குச் சின்ன வயதில் விரை இறங்காமல் இருந்தது, விரையில் ஆபரேஷன், புற்றுநோய் மருந்து என்று ஏதாவது பழைய கதை இருந்தால் காத்திருக்கவே வேண்டாம்.

இந்தக் கணக்கில் எங்கள் திருநெல்வேலிச் சீமையில் ஒரு சிக்கல் உண்டு. மேலப்பாளையம், ஏர்வாடி, கடையநல்லூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பார். (2019-இல் தென்காசி தனி மாவட்டம் ஆகிவிட்டாலும் கடையநல்லூர்க்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு இங்கேயும்தான் வருகிறார்கள்.) கல்யாணம் ஆகி மூன்று வருடம் என்பார்கள். கல்யாணத்துக்கு வந்த 45 நாள், அப்புறம் ஒரு லீவில் 60 நாள் என்று கூட்டிப் பார்த்தால் சேர்ந்திருந்தது நான்கு மாதம்கூட வராது. அதிலும் கரு நிற்கக்கூடிய நாட்கள் மாதத்துக்கு ஆறுதான்: முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும். அந்தப் பெண்ணை "வயித்துல புழு பூச்சி இல்லையா" என்று கேட்பது என்ன நியாயம்?

இப்படி இருப்பவர்கள் லீவில் வந்த முதல் வாரத்திலேயே விந்து டெஸ்ட்டைக் கொடுத்துவிடுங்கள். குறை இருந்தால் ஒரு மாதம் கழித்து இரண்டாவது டெஸ்ட்டுக்கும் லீவுக்குள்ளேயே நேரம் கிடைக்கும். விமானம் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பு வந்து "அவசரம் அண்ணாச்சி" என்றால் ஒரு சீட்டுதான் கையில் கொடுத்துவிட முடியும்.

இரண்டாம் படி: 'ஆண்மை' வேறு, விந்தணு வேறு

இதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். தாம்பத்தியத்தில் ஒரு குறையும் இல்லாத, மீசை முறுக்கிய ஆளின் மாதிரியிலும் விந்தணு ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். விந்தில் பெரும்பகுதி விந்துப்பையிலும் புராஸ்டேட்டிலும் சுரக்கிற நீர். விந்தணு அதில் சிறு பங்கு. கண்ணால் பார்த்தோ, கெட்டியா நீர்த்ததா என்று தொட்டோ எதையும் சொல்ல முடியாது.

விந்தணு விரையில் உருவாக ஏறத்தாழ 74 நாள் ஆகிறது. அது விரைக்குப் பின்னால் உள்ள சுருள் குழாயில் முதிர்ந்து வெளிவர இன்னும் ஒன்றிரண்டு வாரம். ஆக, மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று கொடுக்கிற விந்து மாதிரி, மூன்று மாதத்துக்கு முந்தைய உடம்பின் கதையைத்தான் சொல்கிறது. இரண்டு மாதம் முன்பு டெங்கு வந்து படுத்திருந்தால் இன்றைய கவுண்ட் (விந்தணு எண்ணிக்கை) அதனால் விழுந்திருக்கலாம்.

மூன்றாம் படி: காரணம் எங்கே இருக்கலாம்?

அதிகம் பார்ப்பது வேரிகோசில். விரைக்கு மேலே உள்ள ரத்தக் குழாய்கள் புடைத்துச் சுருண்டு கிடப்பது. தொட்டால் மண்புழுக்கள் சுருண்ட மாதிரி இருக்கும். பெரும்பாலும் இடது பக்கம்தான், ஏனென்றால் இடது விரையின் ரத்தக் குழாய் நீளமாக ஏறிப்போய்ச் சிறுநீரகத்தின் ரத்தக் குழாயில் செங்குத்தாகச் சேர்கிறது. ரத்தம் தேங்கினால் சூடு ஏறும். விரை உடம்பைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் வேலை செய்யும். அதற்காகத்தானே அதை வெளியே தொங்கவிட்டிருக்கிறது. ஆண்களில் 100-க்கு 15 பேருக்கு இது இருக்கிறது, அவர்களில் பலர் பிள்ளை குட்டியோடு சுகமாக இருக்கிறார்கள். அதனால் வேரிகோசில் என்று எழுதியிருந்ததும் கலங்க வேண்டாம். கையில் தட்டுப்படுகிற அளவு இருந்து, விந்து டெஸ்ட்டிலும் குறை இருந்தால்தான் ஆபரேஷன் பேச்சு. ஸ்கேனில் மட்டும் தெரிகிறதற்குக் கத்தி வைக்கச் சொன்னால் இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள்.

அடுத்தது பழைய நோய்கள். பொன்னுக்கு வீங்கி வந்தால் கழுத்தில் சங்கிலியைப் போட்டு உட்கார வைக்கிற வழக்கம் நமக்கு. சின்னப் பிள்ளைக்கு வந்தால் பெரும்பாலும் தானாகப் போய்விடும். வயதுக்கு வந்த பையனுக்கு வந்து விரையும் வீங்கினால் விந்தணு உற்பத்தி கெடலாம். விரையைச் சுற்றி வரும் காசநோய், பால்வினை நோய்கள் குழாயை அடைத்துவிடும். விரை கீழே இறங்காமல் பிறந்த குழந்தைக்கு ஒன்றரை வயதுக்குள் ஆபரேஷன் செய்துவிட வேண்டும். "வளர்ந்தா தானா எறங்கிரும்" என்று ஆச்சி சொன்னதைக் கேட்டு இருபத்தைந்து வயதில் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குடலிறக்க ஆபரேஷனில் குழாய் சேதமாவதும் அபூர்வமாக உண்டு.

சர்க்கரை நோயைத் தனியாகச் சொல்ல வேண்டும். முப்பது வயதிலேயே சர்க்கரை உள்ளவர்கள் இப்போது நிறைய வருகிறார்கள். நரம்பு பாதித்தால் விந்து வெளியே வராமல் பின்வாங்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். உச்சம் வரும், வெளியே சொட்டுகூட வராது, அப்புறம் போகிற சிறுநீர் கலங்கலாக இருக்கும். அந்தச் சிறுநீரைச் சோதித்தால் விந்தணு அதில் கிடைக்கும்.

அப்புறம் ஜிம் ஊசி. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் போட்டால் ஆண்மை கூடும் என்று நினைக்கிறார்கள். நடப்பது நேர் எதிர். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளை "இங்கே வேலை இல்லை" என்று விரைக்குச் சமிக்ஞை அனுப்புவதை நிறுத்திவிடுகிறது. புஜம் பருக்கும், விரை சுருங்கும், கவுண்ட் ஜீரோவுக்குப் போகும். நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்பும், ஆனால் பல மாதம் ஆகும், சிலருக்கு வருடக்கணக்காகும். குழந்தைக்கு முயலும் ஆணுக்குக் கவுண்ட் கூட்ட என்று சொல்லி இந்த ஊசியையே யாராவது எழுதிக்கொடுத்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

வெப்பம், புகை, குடி மூன்றையும் எல்லாரும் சொல்வார்கள். செங்கல் சூளை, அரிசி ஆலை பாய்லர், அல்வாக் கடை அடுப்பு, நாள் முழுக்க லாரி சீட் என்று வேலையே சூட்டில் இருப்பவர்களுக்குக் கவுண்ட் கொஞ்சம் இறங்கலாம். அடுப்படியில் நிற்பவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கத்தான் செய்கிறார்கள், அதனால் வேலையை விட்டுவிடாதீர்கள். இறுக்கமான ஜட்டியை விட்டு வீட்டில் சாரம் (லுங்கி) கட்டுங்கள், இடையில் எழுந்து நடங்கள். பீடி, சிகரெட், குட்கா, மது, உடற்பருமன் எல்லாம் விந்தணுவைக் கெடுக்கும். முடி உதிர்வுக்கான ஃபினாஸ்டிரைடு, பெருங்குடல் அழற்சிக்கான சல்ஃபசாலசின், சிறுநீர் அடைப்புக்கான டாம்சுலோசின் போன்ற மாத்திரைகள் சாப்பிடுகிறீர்கள் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பிறவியிலேயே வரும் மரபணுக் காரணங்களும் இருக்கின்றன. அதைப் பின்னால் சொல்கிறேன். இவ்வளவையும் தேடிப் பார்த்த பிறகும் கணிசமான பேருக்குக் காரணம் பிடிபடுவதில்லை.

நான்காம் படி: மாதிரி கொடுப்பது

தப்பு அதிகம் நடக்கிற இடம் இதுதான். ஒயர் கூடைக்காரர் மட்டும் இல்லை, படித்தவர்களும் தப்பு செய்கிறார்கள்.

2 முதல் 7 நாள் வரை விந்து வெளியேறாமல் இருந்துவிட்டு வாருங்கள். ஒரே நாள் இடைவெளியில் கொடுத்தால் எண்ணிக்கை குறையும். "அதிகம் சேரட்டும்" என்று பதினைந்து நாள் வைத்திருந்தால் பழைய, ஓடாத விந்தணுக்கள் கூடும். எத்தனை நாள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள், சீட்டில் எழுத வேண்டும்.

கையால்தான் எடுக்க வேண்டும். எண்ணெய், சோப்பு, எச்சில் எதுவும் படக் கூடாது. சாதாரண ஆணுறையில் பிடித்துக் கொண்டுவரக் கூடாது, அதில் உள்ள பூச்சு விந்தணுவைக் கொன்றுவிடும். லேபில் கொடுக்கிற டப்பாவில் மட்டும் பிடியுங்கள். வீட்டு ஜாம் பாட்டில் வேண்டாம். முதலில் வரும் துளிகளில்தான் விந்தணு அதிகம். அது கீழே சிந்திவிட்டால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் 'கவுண்ட் குறைவு' என்று ஒரு பொய்ச் சீட்டு உங்கள் பேரில் போகும்.

லேபில் இருக்கும் அறையிலேயே கொடுப்பதுதான் நல்லது. கூச்சமாக இருக்கும், தெரியும். எங்கள் லேபில் அந்த அறைக் கதவுக்கு நேர் எதிரே ரத்தம் கொடுக்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அதை மாற்ற நான் சொல்லிச் சொல்லி ஐந்து வருடம் ஆனது. கூச்சத்தில் வரவில்லை என்றால் இன்னொரு நாள் வாருங்கள், மனைவி கூட இருக்கலாமா என்று கேளுங்கள், பல இடங்களில் விடுவார்கள்.

வீட்டில்தான் எடுக்க முடியும் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் லேபில் இருக்க வேண்டும். அரை மணி என்றால் இன்னும் நல்லது. அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ்ஸில் வந்தால் வழியிலேயே அந்த நேரம் போய்விடும். அப்படியானால் லேபுக்குப் பக்கத்தில் வண்ணார்பேட்டையிலோ ஐகிரவுண்டுப் பக்கமோ இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் தங்கி எடுத்து வாருங்கள். டப்பாவைச் சட்டைக்குள், உடம்போடு ஒட்டி வையுங்கள். ஐஸ் கூடாது, வெயிலில் நிறுத்திய பைக் பெட்டியும் கூடாது.

கடந்த மூன்று மாதத்தில் காய்ச்சல் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: சீட்டைப் படிப்பது

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட ஆறாம் பதிப்பின் கீழ் எல்லைகள் இவை: அளவு 1.4 மில்லி. ஒரு மில்லியில் 16 மில்லியன் விந்தணு, அதாவது 1 கோடியே 60 லட்சம். மொத்தம் 39 மில்லியன். ஓட்டம் மொத்தம் 42 சதவீதம், அதில் முன்னோக்கி ஓடுவது 30 சதவீதம். சரியான வடிவம் 4 சதவீதம். உயிரோடு இருப்பது 54 சதவீதம். சில லேப்கள் இன்னும் 2010-இன் எண்களை அச்சிடுகின்றன (15 மில்லியன், 40 சதவீதம் என்று). பெரிய வித்தியாசம் இல்லை, பயப்படாதீர்கள்.

இந்த எண்கள் பாஸ் மார்க் இல்லை. ஒரு வருடத்துக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களின் மாதிரிகளை வரிசையாக அடுக்கி, கடைசி 5 சதவீதம் தொடங்கும் இடத்தில் போட்ட கோடு. அதற்குக் கீழே இருந்தவர்களும் அப்பா ஆனவர்கள்தான். கோட்டுக்கு மேலே இருப்பதால் மட்டும் குழந்தை நிச்சயமும் இல்லை.

சீட்டில் ஆளை அதிகம் அழவைக்கிற வரி வடிவம். "நார்மல் 5, அப்நார்மல் 95" என்று பார்த்ததும் நூற்றில் தொண்ணூற்றைந்து ஊனம் என்று நினைத்து, பிறக்கிற பிள்ளையும் அப்படி இருக்குமோ என்று கேட்பார்கள். அளவுகோல் அவ்வளவு கறாரானது, 4 இருந்தாலே போதும். பிள்ளையின் உருவத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஒயர் கூடைக்காரர் மூன்று வாரம் கழித்து எங்கள் அறையிலேயே மறுபடி கொடுத்தார். அளவு 2.2 மில்லி, மில்லிக்கு 18 மில்லியன், முன்னோக்கி ஓடுவது 34 சதவீதம், வடிவம் 5. தனித்தனியாகப் பார்க்காமல் பெருக்கிப் பாருங்கள். 2.2 × 18 = 39.6 மில்லியன் மொத்தம். அதில் 34 சதவீதம் என்றால் ஏறத்தாழ 13.5 மில்லியன் முன்னோக்கி ஓடுகின்றன. டாக்டர் முதலில் பார்ப்பது இந்தக் கடைசி எண்ணைத்தான். எல்லாமே கோட்டுக்கு ஒட்டி மேலே. முதல் சீட்டை வைத்துக்கொண்டு "ஒண்ணுமே ஓடல" என்று அவர்கள் ஊருக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்புறம் அவர்களுக்குக் குழந்தை நின்றதா என்று எனக்குத் தெரியாது. லேபுக்குச் செய்தி வந்து சேர்வதில்லை.

மற்ற சொற்கள்: ஒலிகோ என்றால் எண்ணிக்கை குறைவு, அஸ்தினோ என்றால் ஓட்டம் குறைவு, டெரட்டோ என்றால் வடிவக் குறை, ஏசூஸ்பெர்மியா என்றால் விந்தணுவே இல்லை. பஸ் செல் (சீழ் அணு) அதிகம் என்று இருந்தால் தொற்று இருக்கலாம், கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) எழுதுவார்கள்.

ஒரு சீட்டை நம்பி முடிவு எடுக்க வேண்டாம். ஒரே ஆளுக்கு வாரத்துக்கு வாரம் எண் ஏறி இறங்கும். முதல் டெஸ்ட்டில் குறை இருந்தால் குறைந்தது ஒரு மாதம் கழித்து இன்னொன்று, முடிந்தால் அதே லேபில். காய்ச்சலுக்குப் பிறகு என்றால் மூன்று மாதம் பொறுங்கள். (ஒயர் கூடைக்காரர் முதலில் கொடுத்தது கெட்டுப்போன மாதிரி, அதனால்தான் சீக்கிரமே மறுபடி எடுத்தோம்.)

ஆறாம் படி: டாக்டர் கையால் பார்க்க வேண்டும்

இரண்டு சீட்டிலும் குறை என்றால் யூராலஜிஸ்ட்டையோ (சிறுநீர்ப்பாதை டாக்டர்) ஆண்ட்ராலஜிஸ்ட்டையோ (ஆண்களின் இனப்பெருக்கக் குறை பார்க்கும் டாக்டர்) பாருங்கள். மனைவியின் டாக்டரிடமே கணவரின் சீட்டையும் காட்டி, அங்கேயே சத்து மாத்திரை வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் சுற்றுவதுதான் பெரிய நேர விரயம். தனியாரில் செலவு செய்ய முடியாதவர்கள் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கலாம்.

நிற்க வைத்துப் பார்ப்பார், முக்கச் சொல்வார், அப்போது வேரிகோசில் புடைக்கும். விரையின் அளவைப் பார்க்கப் பாசிமாலை மாதிரி ஒரு கருவி உண்டு, ஒவ்வொரு மணியும் ஒரு அளவு. 15 மில்லிக்கு மேல் இருந்தால் நல்லது. விந்துக் குழாய் இருபுறமும் சணல் கயிறு மாதிரி தட்டுப்படுகிறதா என்று விரலால் உருட்டிப் பார்ப்பார். பிறவியிலேயே அந்தக் குழாய் இல்லாதவர்கள் உண்டு. கையால் பார்க்காமல் நேரே ஸ்கேன் எழுதுகிற இடத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு.

ஏழாம் படி: ரத்தம், ஸ்கேன், மரபணு

விரையை வேலை வாங்கும் மூளையடிச் சுரப்பியின் ஹார்மோன்களான எஃப்எஸ்எச், எல்எச், அவற்றோடு டெஸ்டோஸ்டிரோன் முதலில். தேவைப்பட்டால் புரோலாக்டின், தைராய்டு. டெஸ்டோஸ்டிரோனுக்கு ரத்தத்தைக் காலை 10 மணிக்குள் கொடுங்கள், மதியத்துக்கு மேல் அளவு இறங்கிவிடும். எஃப்எஸ்எச் கூடி, விரை சிறுத்திருந்தால் உற்பத்தியில் கோளாறு. எஃப்எஸ்எச் சரி, விரையும் சரி, விந்தணு மட்டும் இல்லை என்றால் வழியில் அடைப்பு இருக்கலாம். எஃப்எஸ்எச், எல்எச், டெஸ்டோஸ்டிரோன் மூன்றுமே குறைந்திருந்தால் கோளாறு மூளையடிச் சுரப்பியில். கேட்கப் பயமாக இருந்தாலும் மருந்துக்கு நன்றாகக் கேட்கிறது இதுதான், ஊசி போட்டே விந்தணுவை வரவழைக்கலாம்.

விந்தணு எண்ணிக்கை ஒரு மில்லியில் 5 மில்லியனுக்கும் கீழே போனால் குரோமோசோம் டெஸ்ட்டும் ஒய் குரோமோசோமில் சிறு துண்டு விடுபட்டிருக்கிறதா என்ற டெஸ்ட்டும் எழுதுவார்கள். ஒரு எக்ஸ் கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர் நிலை ஏறத்தாழ 600 ஆண்களில் ஒருவருக்கு இருக்கிறது, பலருக்கு இந்த டெஸ்ட் வரை தெரியாது. ஒய் குரோமோசோம் குறை மகனுக்கும் போகும் என்பதால், சிகிச்சைக்கு முன் இதைப் பேசிவிடுவது நல்லது.

ஜீரோ என்று வந்தால்

நூறு ஆண்களில் ஒருவருக்கு இப்படி வரும். முதலில், மாதிரியைச் சுழற்றி அடியில் படிந்ததையும் பார்த்தார்களா என்று லேபில் கேளுங்கள். சில நேரம் அதில் நாலைந்து கிடைக்கும். மறுபடி எடுங்கள். விந்தின் அளவும் குறைந்து, புளிப்புத் தன்மையும் கூடி, ஃப்ரக்டோஸ் (விந்துப்பை நீரில் உள்ள சர்க்கரை) இல்லை என்றும் வந்தால் குழாய் இல்லை அல்லது அடைப்பு என்று பொருள். அப்படியானால் விரையில் விந்தணு இருக்கும், ஊசியால் எடுத்து இக்ஸி முறையில் முட்டைக்குள் செலுத்தலாம். உற்பத்தியே கோளாறு என்றாலும் மைக்ராஸ்கோப் வைத்து விரையைத் திறந்து தேடினால் கணிசமான பேருக்குக் கிடைக்கிறது.

சிகிச்சைக்குப் போகும் மையம் 2021-இன் செயற்கை இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டத்தின்படி பதிவு பெற்றதா என்று பாருங்கள். அந்தச் சட்டப்படி பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55 வயது வரைதான் சிகிச்சை. தானமாகப் பெறும் விந்தணு என்றால் பதிவு பெற்ற வங்கி வழியாக, இருவரும் எழுத்தில் சம்மதித்த பிறகுதான்.

காத்திருக்கும் மூன்று மாதம்

எந்தச் சிகிச்சை தொடங்கினாலும் பலன் சீட்டில் தெரிய மூன்று மாதம் ஆகும். இந்த இடைவெளியில்தான் சுவரொட்டி கண்ணில் படும்: மாதம் ஒருநாள் லாட்ஜ் அறையில் பரம்பரை வைத்தியர். டெஸ்ட் எதுவும் பார்க்காமல் ஆயிரக்கணக்கில் லேகியம் விற்பார்கள். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பது விற்கிறவருக்கே வெளிச்சம். சித்த மருத்துவம்தான் வேண்டும் என்றால் நம் பாளையங்கோட்டையிலேயே 1964-இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே போங்கள். இரண்டு டாக்டருக்கும் இன்னொருவர் கொடுக்கும் மருந்தைச் சொல்லுங்கள். முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் சாப்பிடுங்கள், நல்லதுதான், ஆனால் அதைச் சிகிச்சைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குற்றாலத்தில் எத்தனை நாள் தலையைக் காட்டினாலும் கவுண்ட் ஏறாது. மனசுக்கு வேண்டுமானால் நல்லது.

இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருங்கள், காலண்டரைப் பார்த்து அந்த ஒரு நாளுக்காகச் சேர்த்து வைக்க வேண்டாம். புகையையும் குடியையும் நிறுத்துங்கள், எடையைக் குறையுங்கள், சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் வையுங்கள்.

கணவர் பெயரில் தனியாக ஒரு ஃபைல் போடுங்கள். இரண்டு விந்து டெஸ்ட் சீட்டு, காய்ச்சல் வந்த தேதி, பழைய ஆபரேஷன் டிஸ்சார்ஜ் காகிதம், சாப்பிடுகிற மாத்திரை அட்டை எல்லாம் அதில் இருக்கட்டும். அடுத்த முறை லேபுக்கு வரும்போது பழைய சீட்டையும் எடுத்து வாருங்கள், அதைத்தான் எல்லாரும் வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள்.